கவிழ்த்து வைத்த பால் பெட்டி

சிட்னியின் மேற்குக் கோடியில், ரக்பி லீக் கிளப்பின் தகரக் கொட்டகைக்குள் மாலை வெயில் பாதிவரை வந்து நிற்கிறது. லூபேயின் தோளில் எடைக் கம்பி, தொண்ணூறு கிலோ. பின்னால் பயிற்சியாளர் டெனிஸ் ஒரு பிளாஸ்டிக் பால் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். எடையோடு உட்காரும்போது பின்புறம் அதைத் தொட்டு எழுந்தால்தான் இன்று கணக்கில் சேரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு லூபே இறங்குகிறாள். வழக்கமாக எழும் இடம் தாண்டியும் பெட்டி தட்டுப்படவில்லை. எழ முடியாமல் போக, கம்பி பக்கத்துத் தாங்கு சட்டத்தில் மோதி அதிர்கிறது. “பாதி உக்காந்துட்டுத்தான் மூணு வாரமா தொண்ணூறுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சியாடி?” என்கிறாள் பெரியப்பா மகள் விகா. மற்ற பெண்கள் சிரிக்கிறார்கள். “சனிக்கிழமை மேட்ச்சுல மோதும்போது தாழ இருக்கறவதான் நிப்பா. இருபதைக் கழட்டு,” என்கிறாள் டெனிஸ்.

எழுபதில் லூபே ஐந்து முறை பெட்டியைத் தொட்டு எழுகிறாள். சுவர்ப் பலகையில் அவரவர் எண்ணை அவரவரே எழுதுவது இங்கே வழக்கம். வியர்த்த உள்ளங்கையால் தொண்ணூறைத் துடைத்து எழுபது என்று எழுதுகிறாள். திரும்பிப் பார்த்தால், டெனிஸ் பெட்டியை எடுக்கவில்லை. காலால் தள்ளி அதே இடத்தில் சரியாக வைக்கிறாள். “அடுத்தது யாரு?”

பலகையில் விகாவின் பெயருக்கு நேரே நூற்றைந்து. விகா குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள்.