துவக்குப் பை

"துவக்கைச் சின்யோராவின்ரை வீட்டுக்கே அனுப்பியிருக்கலாமே?" இத்தாலியின் பலெர்மோ நகரத் துப்பாக்கிக் கடையில் லூர்து சலித்துக்கொண்டார்.

"வெளியூர்த் துவக்கு கடைக்குத்தான் வருமப்பா. உரிய ஆள் நேர வந்து எடுக்கோணும்," என்றாள் மனைவி றோஸ்மேரி. அவள் வேலை செய்யும் வீட்டு முதலாளியம்மாவான சின்யோராவும் பக்கத்தில் நின்றார்.

"சனிக்கிழமையெல்லாம் அவவுக்குத் துவக்குப் பை தூக்கிறாய். இப்ப என்னையும் இழுத்துக்கொண்டு வந்திட்டாய்."

கடைக்காரர் பெட்டியைத் திறந்து லைசென்ஸ் கேட்டார். சின்யோரா அசையவில்லை. றோஸ்மேரி தன்னுடையதை எடுத்து நீட்டினாள். லூர்து அதிலிருந்த பெயரை எட்டிப் பார்த்தார்.

சின்யோரா சிரித்தபடி இத்தாலிய மொழியில் சொன்னார். "குறி பார்த்துச் சுடும் போட்டியில் என்னையே தோற்கடித்துச் சிசிலிக் கிண்ணத்தை வென்றவர் உங்கள் மனைவிதான்!"

கடைக்காரர் துவக்கைப் பைக்குள் வைத்ததும் லூர்து அவசரமாக அதைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாதையுங்கோ! லைசென்ஸ் உள்ள ஆள்தான் தூக்கலாம்."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். லூர்து ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.