பதிமூன்று அங்குலம்

டாக்டர் டேப்பை விரித்ததும் நான் பொட்டலத்தின் முதுகில் கை வைத்தேன்.

பாசத்தில் வைத்ததாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

பொட்டலம் பயிற்சிப் பள்ளியின் நாய்க்குட்டி. வளர்த்துத் தரச் சொல்லி, துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அதனால் அந்தப் பெயர்.

நாலு மாதம் முடிந்ததும் பள்ளியின் டாக்டர் அளப்பார். இன்றைய உயரத்தோடு அதில் பாதியைக் கூட்டினால், பெரிய நாயாகும்போது எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துவிடுமாம். இருபத்தொரு அங்குலம் வந்தால் பயிற்சிக்குப் போகும். வராவிட்டால் வளர்த்தவர்களே வைத்துக்கொள்ளலாம்.

வரக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வமில்லை. விடிந்தால் டேப்பும் கையுமாக அதன் பின்னால் அலைந்தேன். "ஒரு நாளாவது என்னை அளந்து சட்டை வாங்கியிருக்கியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். இன்று காலையிலும் அளந்தேன். பதினாலு.

"பதிமூணு," என்றார் டாக்டர்.

முதுகில் கை பட்டால் காலை லேசாக மடக்க வேண்டும், மடக்கினால் பிஸ்கட். ஒரு வாரமாக நான் கொடுத்த பயிற்சி அது.

"அப்போ பத்தொன்பதரைதான் வரும். பாதத்தைப் பாத்தா அப்படித் தெரியலையே... இருங்க, இவங்களை முடிச்சுட்டு இன்னொரு தடவை அளந்துடுவோம்."



மூலையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். கல்லூரி வயதுதான் இருக்கும். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து, ஒரு கையைத் தொங்கவிட்டு நின்றாள். டாக்டர் அதே டேப்பால் அவள் உள்ளங்கையிலிருந்து தரை வரைக்கும் அளந்தார்.

"நாய் இருபத்தொண்ணுக்குக் குறைஞ்சா, அது முதுகுல மாட்டுற கைப்பிடி உங்களுக்கு எட்டாதும்மா. குனிஞ்சேதான் நடக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். பார்வை என் காதைத் தாண்டிச் சுவரில் இருந்தது.

"அக்கா, உங்க குட்டி உயரமா வருமா? ரெண்டு வருஷமா பேரை எழுதி வெச்சுட்டுக் காத்திருக்கேன்."

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டப் போகிற நாய் என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தார்கள். யாரோ ஒருவருக்குத்தானே என்று நானும் வசதியாக மறந்திருந்தேன். அந்த யாரோ இப்படி முன்னால் வந்து அக்கா என்று கூப்பிடுவாள் என்று யார் கண்டது? வெட்கமாக இருந்தது.

டாக்டர் டேப்போடு வந்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.

பொட்டலம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே காலை மடக்கி முதுகைத் தாழ்த்தியது.

"நேரா நில்லுடா," என்றேன். இன்னும் தாழ்ந்தது. வாலை வேறு ஆட்டியது.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நான் இருந்தா நிமிர மாட்டான், டாக்டர்."

கயிற்றை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தியதும் ஒரு முறை குரைத்தது. பிறகு சத்தமில்லை.

"பதினாலரை," என்று டாக்டர் சொல்வது கேட்டது.

காலையில் என் முன்னால் நின்றபோதுகூட அது முழுசாக நிமிரவில்லை போலிருக்கிறது.