வீகோ மூன்று, எதிரணி ஒன்று

"றோய், நீர் உந்த வீகோவை நிப்பாட்டுறீரோ, இல்லாட்டி நான் உம்மை நிப்பாட்டட்டோ?"

அன்ரனெற் பகிடிக்குக் கேட்கவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் பதினாறு வருஷமாய்த் தமிழ் வானொலி நடத்துகிற மனுசி அவ. ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணிக்கு விளையாட்டுச் செய்தி, வாசிக்கிறது றோய். கிரிக்கெட் சொல்வான், ஹொக்கி சொல்வான், பக்கத்து மார்க்கம் நகரில் எங்கட ஆக்கள் அடிக்கிற உதைபந்தையும் விடமாட்டான். எல்லாம் முடிய ஒரு வசனம் சேர்ப்பான். ஸ்பெயினில், கலீசியாப் பக்கம், வீகோ என்றொரு துறைமுகப் பட்டினம். அந்த ஊர்க் கழகம் அன்றைக்கு எத்தனை கோல் போட்டது, எத்தனை வாங்கியது என்பது அந்த வசனம். அங்கே மழை பெய்தால் அதையும் சொல்வான்.

ஸ்காபரோவில் ஆருக்கு வேணும் உது? கேட்கிற சனம் போன் எடுத்துச் சிரிக்குது. வீடு விற்கிற இராஜரட்ணம், விளம்பரம் தருகிறவர், வீகோவிலும் தனக்கு வீடு பார்த்துத் தருவியளோ என்று கேட்டே விட்டார். அன்ரனெற்றுக்கு மானம் போன மாதிரி இருந்தது. உவன் இன்ரநெற்றில் காசு வைத்துப் பந்தயம் கட்டுகிறான், வேறென்ன என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டா.

றோய் தலையைச் சொறிந்தான். "ஒரு ஆள் கேக்குது அக்கா."

"ஒரு ஆளுக்காண்டி றேடியோ நடத்தேலுமோ?"

சரி, நிப்பாட்டுறன் என்றான். கதவடியில் போய்த் திரும்பி, "ஒருக்கா ஞாயிறு பின்னேரம் அப்பாவைப் போய்ப் பாருங்கோ" என்றான்.

அன்ரனெற்றுக்குச் சுள்ளென்றது. தன்ர அப்பாவை எப்ப பார்க்கிறதென்று தனக்குத் தெரியும் என்று வெடுக்கெனச் சொல்லி அனுப்பினா. ஆனாலும் அந்தச் சொல் உள்ளே கிடந்து குத்தியது.

அப்பா கிறிஸ்துநாயகம் மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம். பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டார், கையைப் பிடித்தால் பிடித்தபடி கிடக்கும். அவருக்குப் பெரிதாய் ஒன்றும் விளங்காது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்ரனெற் புதன்கிழமைகளில் போவா, பத்து நிமிஷம் இருப்பா, காருக்குள் வந்து அழுதுவிட்டு வேலைக்குப் போவா.

அந்த ஞாயிறு போனா. றோயின் மனுசி வேரோனிக்காவுக்கு அங்கேதான் வேலை. அன்ரனெற்றைக் கண்டதும் அவளுடைய முகம் ஒரு மாதிரிப் போனது.

அப்பாவின் அறையில் மனுவெல் என்று இன்னொரு கிழவர். மீன்பிடிக் கப்பலில் காலம் போக்கியவர். சுவர் முழுக்கக் கப்பல் படங்கள், ஒரு நீலச் சால்வை, தங்கச்சி தபாலில் அனுப்புகிற ஊர்ப் பேப்பர். புதன்கிழமைகளில் அவருடைய றேடியோ ஏதோ பாஷையில் பாடிக்கொண்டிருக்கும். நோயாளி கிடக்கிற அறை என்ற எண்ணமே இல்லாத மனுசன் என்று அன்ரனெற்றுக்கு அவரில் கண்ணில் காட்டக் கூடாத கோபம்.

அஞ்சு மணிக்கு மனுவெல் சில்லுக்கதிரையை அப்பாவின் கட்டிலடிக்கு உருட்டி வந்து றேடியோவைத் திருப்பினார். அன்ரனெற் திடுக்கிட்டா. றோயின் குரல். அவவின் வானொலி.

தமிழில் ஒரு சொல் தெரியாத மனுசன் பூசை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். கிரிக்கெட் போனது, ஹொக்கி போனது, செய்தியும் முடிந்தது. இராஜரட்ணத்தாரின் வீட்டு விளம்பரம் தொடங்கியது.

மனுவெல் நிமிர்ந்து, "வீகோ?" என்றார்.

அப்பாவின் இடது கை போர்வையை விட்டுப் பாதி எழும்பி, அப்படியே நின்றது.

அன்ரனெற் அந்தக் கையையே பார்த்தா. வேரோனிக்கா அவவை நடைக்குக் கூட்டிவந்து மெல்லச் சொன்னாள். போன வருஷம் ஒருநாள் அப்பாவுக்கென்று அவள் தமிழ் வானொலியைப் போட்டுவிட்டுப் போக, செய்தியில் தற்செயலாய் வீகோவின் பேர் வந்திருக்கிறது. தன்ர ஊர்ப் பேரைக் கேட்டதும் மனுவெல் துடித்துப் பதைத்து ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன என்று கேட்டிருக்கிறார். அறையில் தமிழ் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் மெல்ல விரலைத் தூக்கிக் காட்டினாராம். அடுத்த நாளே மனுவெல், அவளைக் கூட்டிப்போக வந்த றோயைப் பிடித்து, இனி ஒவ்வொரு ஞாயிறும் சொல்லு என்று கெஞ்சினாராம்.

அன்ரனெற் போனை எடுத்தா. "றோய், விளம்பரத்தை வெட்டும். வீகோவை வாசியும், இப்பவே."

ரெண்டு பேரும் அறைக்குள் ஓடினார்கள்.

"வீகோவில் இன்று மழை. வீகோ மூன்று, எதிரணி ஒன்று."

அப்பாவின் கை முழுதாய் எழும்பியது. மூன்று விரல். கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு ஒரு விரல். மனுவெல் கை தட்டி, குனிந்து அப்பாவின் நெற்றியில் கொஞ்சினார். அப்பாவின் வாய் ஒரு பக்கமாய் இழுபட்டது. ரெண்டு வருஷமாய் அன்ரனெற் காணாத சிரிப்பு அது.

அவ மனுவெலின் ரெண்டு கையையும் பிடித்து, எத்தனைதரம் நன்றி சொன்னா என்று அவவுக்கே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தபோது, தன்மேல் வந்த கோபத்தை வேரோனிக்காவில் காட்டினா.

"மட்ச் மத்தியானமே முடிஞ்சிருக்குமே. பாவம், பின்னேரம் வரைக்கும் அந்தாள் காத்துக் கிடக்குது. ஆராவது போனில பாத்துச் சொல்லக்கூடாதோ?"

வேரோனிக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"மத்தியானமே நான் அவருக்குப் போனில காட்டினனான் அக்கா. ஒவ்வொரு கிழமையும் காட்டுறனான். அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை எண்டு மனுவெல்தான் என்ர வாயைப் பொத்துறவர்."