மூன்றாவது பெட்டி

“மூணும் ஒண்ணாத்தான் கேக்குது. விலை கம்மியானதை எடுங்க” என்றாள் மனைவி, ஆடியோ கடையில் வரிசையாக வைத்திருந்த மூன்று பெட்டிகளைக் காட்டி.

சி.டி.யைச் சுழற்றிப் படிப்பது மட்டுமே அந்தப் பெட்டிகளின் வேலை. அதைப் பாட்டாக்க வேறு பெட்டி வேண்டும். காய் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சமையலே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் கணவன் மாதிரி. விலையோ யானை விலை.

“நீ சும்மா உக்காரு. தம்பி, மூணுலயும் இன்னொரு தடவை போடுங்க.”

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து கேட்டுத் தேய்த்த பாட்டு, மறுபடி மூன்று பெட்டிகளிலும் ஓடி முடிந்தது.

“மூணாவதுதான். கட்டுங்க!” என்றார் கணவர்.

“பிடிவாதம்!” என்று மனைவி செருப்பைத் தேடி வெளியே போனாள்.

“என்ன காது சார் உங்களுக்கு!” என்று வியந்தார் விற்பனையாளர்.

கணவர் தன் காதோர முடியை ஒதுக்கி, உள்ளே இருந்த கருவியைக் காட்டினார்.

“இதுல பேச்சுதான் புரியும். பாட்டு வெறும் தகர டப்பா. எனக்கு இப்படி ஆனதும் அவளும் பாட்டுக் கேக்கறதை விட்டுட்டா.”

“அப்புறம் எப்படி சார் மூணாவதுன்னு…?”

“முதல் ரெண்டுலயும் பாவம், என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா. மூணாவதுலதான் என்னை மறந்து கண்ணை மூடினா.”