கம்பின் நுனியில் பச்சைப் பந்து

வேற்றுக்கிரக மிருகத்தைச் செய்ய எங்களிடம் காசில்லை. மிருகத்தைக் காட்டவே வேண்டாம், அதைப் பார்ப்பவளின் முகத்தைக் காட்டினால் போதும் என்று டைரக்டர் குணாளன் சட்டம் போட்டிருந்தான். கேமரா என்னுடையது. முட்டை அட்டைகளை ஒட்டி வெள்ளியடித்த விண்கலத்துக்குள், மிருகத்துக்குப் பதிலாகக் கம்பின் நுனியில் செருகிய பச்சைப் பந்தைப் பார்த்து நடிகை செண்பகா பதினோரு டேக் பயந்தாள். "பந்தைப் பார்த்த மாதிரிதாம்மா இருக்கு" என்றான் குணாளன்.

பன்னிரண்டாவது டேக் ஓடும்போது பந்துக்குப் பின்னால் போய் நின்று போனைத் தூக்கிக் காட்டினான். "செண்பகா, ஸ்கூல்லேர்ந்து போன். உன் பொண்ணு மாடியிலேர்ந்து விழுந்துட்டாளாம்."

அந்த முகம். சீ, அப்போதும் என் கை ஜூமைத்தான் திருகியது.

"கட்! ஓகே! பொய்தாம்மா, பயப்படாத. தியேட்டர்ல ஒருத்தன் மூச்சு விடமாட்டான் பாரு."

யூனிட்டே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கையை இன்றைக்கும் உடைத்துப் போடலாம் போலிருக்கிறது.

செண்பகா அழவில்லை. மானிட்டரில் தன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு போய்ப் பந்தைப் பிடுங்கி வீசினாள்.

"ஒன் மோர் போலாம் சார். பந்து இருந்த இடத்துல நீங்க நில்லுங்க."

"அதான் ஓகே ஆயிடுச்சே?"

"நில்லுய்யா!"

யாரும் சொல்லாமலே கேமராவை ஓடவிட்டேன். அவள் முகத்தில் துளி பயம் இல்லை. குணாளனின் சட்டப்படியே மிருகத்தை ஃபிரேமுக்குள் விடவில்லை. அது பின்வாங்கும் செருப்புச் சத்தம் மட்டும் பதிவாகியிருக்கிறது.