காப்புச் சத்தம்

"ஆறாவது பாட்டுல பாடகரோட கைக்காப்பு மைக்குல இடிக்கும், கிணிங்னு. அது உங்களுக்குக் கேக்குதா இல்லையா மாமா?"

"தினமும் கேக்குது மாப்பிள்ளை. என் ரூம்ல படுத்திருந்தாலே கேக்குது."

மாப்பிள்ளை சிரித்தார். "ரூம்லயா? ஸ்பீக்கருக்கு நேரா உக்காந்தவங்களுக்கே பாதிப் பேருக்குக் கேக்கல. போங்க, நல்ல சட்டை போட்டு, தலையைச் சீவி, பல்செட்டை மாட்டிக்கிட்டு வந்து உக்காருங்க. வர்றவர் பெரிய மனுஷர்."

மாமனார் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பத்தாவது மாடியில் ஒரு நட்டு தளர்ந்தால் தரைத்தளத்தில் நின்றே சொல்லிவிடுவார். அவருக்குத்தான் காது இல்லையாம்.

மாப்பிள்ளைக்குக் காது முளைத்தே ஆறு மாதம்தான் ஆகிறது. 'லாஸ்லெஸ்' என்று ஒன்று வாங்கினார். பாட்டில் ஒரு பொட்டுச் சத்தம்கூடக் கழியாமல் வருமாம். அது வந்த நாளிலிருந்து வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது, தும்மல் வந்தால் வாசலுக்கு ஓட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்பதால் மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் அதே ராக் பாடகர், அதே பதினெட்டு ஹிட் பாட்டுகள். மாமனார் தன் அறையில் கண்ணயரும் நேரமும் அதுதான்.

இன்று வருபவர் பாட்டுப் பித்தர்கள் சங்கத்தின் தலைவர். 'தங்கக் காது' என்று பட்டம். ஹாலுக்கும் மாமனார் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்துவிடலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமனாரின் கட்டில் பெரிய மகள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே போய்விடும். சின்ன மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தங்கக் காது வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஹாலின் நான்கு மூலையிலும் கை தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆறாவது பாட்டு ஓடியது. பாடகரின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. கிணிங் வரவில்லை.

மாப்பிள்ளை ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். மறுபடி போட்டார். ஒன்றும் இல்லை. "நேத்துகூடக் கேட்டுச்சு சார்" என்றார், வேர்த்துக் கொட்டியபடி.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் தங்கக் காது. "ரூம் சின்னது. சத்தம் சுவர்ல முட்டிச் சாகுது. முதல்ல இந்தச் சுவரை எடுங்க. எடுத்துட்டு என்னைக் கூப்பிடுங்க."

மகளின் முகம் செத்துப்போனது. "அப்பா, நீங்க உள்ள போய்க் கொஞ்சம் படுங்கப்பா" என்றாள்.

மாமனார் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை சார்" என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

பாட்டு ஓடியது. குரல் இறங்கியது.

கிணிங்.

தங்கக் காது நிமிர்ந்து உட்கார்ந்தார். கிணிங், கிணிங்.

"அடடா. காப்பு வெள்ளிதான். சந்தேகமே இல்ல. இடது கை." அவர் கண் கலங்கிவிட்டது. "முப்பது வருஷமா இந்தப் பாட்டைக் கேக்கறேன். இது என் காதுல விழுந்ததே இல்ல."

"அப்போ அந்தச் சுவர் சார்?"

"சுவர்ல ஒரு ஆணிகூட அடிக்காதீங்க. அந்த ரூம்ல இருக்கிற ஆளு, சாமான் எதையும் அசைக்காதீங்க. அசைச்சா எல்லாம் போச்சு. இன்னொரு தடவை போடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம், கட்டிலில் படுத்தபடியே அதைக் கேட்ட மாமனார் பொக்கை வாயால் சிரித்தார். பிறகு கையை நீட்டி, பல்செட்டைக் கழற்றிப் போட்டிருந்த எவர்சில்வர் டம்ளரைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி வைத்தார்.