கிளெனிஸின் முழங்கால்

டாஸ்மேனிய மலைமேல் ஏப்ரல் மாத இலையுதிர்காலக் காலை. குளத்தோரம் படிந்த பனித்தகடு வெயில் பட்டு மெல்லச் சிணுங்குகிறது. பாறைகளில் அமர்ந்து டீ குடித்தபடி நாங்கள் நால்வரும் கிளெனிஸுக்காகக் காத்திருக்கிறோம். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு இதுதான் அவளுடைய முதல் மலை. ஃபேகஸ் என்ற மலைப்புதரின் இலைகள் பழுத்து நிறம் மாறும் சரிவுவரை ஏற முடியாவிட்டால் பூட்ஸைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடுவதாகக் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். கைத்தடியின் டக் டக் சத்தம் நெருங்குகிறது. வியர்த்துச் சிவந்த முகம் புதருக்கு மேல் எழுகிறது. உடனே, வழக்கம்போல, எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு எழுகிறோம்.

“நான் வந்ததும் கிளம்பிடுவீங்களே, பாவிகளா! இருபது வருஷமா இதே வேலை!”

“நாங்க நல்லா ரெஸ்ட் எடுத்துட்டோம்டி,” என்று சிரிக்கிறாள் மெரிடித். “சரி, இன்னிக்கு உனக்காக அஞ்சு நிமிஷம் உட்கார்றோம். டீ ஊத்தட்டுமா?”

“நீயே குடி.”

நாங்கள் மறுபடி உட்கார்கிறோம். அவளோ நிற்கவேயில்லை. எங்களைத் தாண்டிப் போய், கடைசிப் பாறையில் கையூன்றி ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறாள். அங்கே சரிவு முழுக்க ஃபேகஸ் புதர்கள் மஞ்சளும் செம்புமாக எரிகின்றன. இடுப்பளவு இலைகளுக்குள் நின்று தடியைத் தலைக்குமேல் சுழற்றுகிறாள்.

“சீக்கிரம் வாங்கடி, சோம்பேறிகளா!”

குரல் பாதியில் உடைந்து சிரிப்பாகிறது. கோப்பைகளை அப்படியே பாறைமேல் விட்டுவிட்டு ஓடுகிறோம்.